மாதுங்காவிலிருந்து பவாய் வரை: ஒரு தொடக்கப் பாடத்தின் வழித்தடம்

மும்பைத் தீவு நகரத்தின் வடகோடியில் மாதுங்காவும் தாராவியும் அடுத்தடுத்து அமைந்திருக்க, சயானைத் தாண்டிக் குர்லாவில் கிழக்கே திரும்பினால் செம்பூர் வருகிறது. தமிழர் தலைமுறைகளாகக் குடியிருந்துவரும் இம்மூன்று பகுதிகளையும் மத்திய ரயில் பாதையும் துறைமுக ரயில் பாதையும் பிணைத்து வைத்துள்ளன. இவ்வழியே பயணம் செய்து எழுதியோர் பெரும்பாலும் கோயில்களையும் சபாக்களையும் சிற்றுண்டிச் சாலைகளையும் அடையாளமாகக் கொண்டிருக்கின்றனர். ஆயினும் இதே பாதைகளின் ஓரத்திலும், அவற்றிலிருந்து சிறிது வடக்கே பவாய் ஏரிக்கரையிலும், ஒரு மென்பொருளை முதன்முதலாகத் திறப்பவருக்கு எதை, எந்த வரிசையில், எவ்வளவு சொல்ல வேண்டும் என்னும் கேள்வியை நேர்கொண்ட நிறுவனங்கள் இருக்கின்றன. அக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வூர்களைக் கடந்து செல்வதே இப்பயணத்தின் நோக்கம்.

கேள்வி எளிதாகத் தோன்றினாலும் திறந்த மூல மென்பொருளைப் பொறுத்தவரை அது அடிப்படையானது. மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை அளிக்கும் மென்பொருளே திறந்த மூல மென்பொருள் எனப்படுகிறது. அதற்குப் பெரும்பாலும் விற்பனையாளர் கிடையாது. விற்பனையாளர் இல்லாததால், வாங்கியவர் அலுவலகத்துக்கு வந்து இரண்டு நாள் பயிற்சி தந்துவிட்டுப் போகும் ஆளும் கிடையாது. மென்பொருளை ஆக்கியவர் ஒரு கண்டத்தில் இருக்க, அதைத் தரவிறக்கியவர் வேறொரு கண்டத்தில் தனியே அமர்ந்திருக்கிறார். இருவருக்கும் இடையே இருப்பது ஆவணம் ஒன்றுதான். ஆகவே தொடக்கநிலைப் பாடத்தைத் திட்டமிடுவது, மென்பொருளை முடித்தபின் சேர்க்கும் அலங்கார வேலையாகாமல், அதைப் பயன்படுத்தத்தக்கதாக்கும் வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிறது.

பயணம் மாதுங்காவில் தொடங்குவது பொருத்தமானது. அன்று பம்பாய் எனப்பட்ட இந்நகரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின் பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு எழுப்பிய தாதர், மாதுங்கா குடியிருப்புகளுக்கு, தட்டச்சும் சுருக்கெழுத்தும் தேர்ந்து எழுத்தர் வேலை தேடி வந்த தமிழர் பெருமளவில் வந்து சேர்ந்தனர். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிலும் இன்றும் பூக்கடைகளும் காப்பித்தூள் வாசனையும் அவர்களுடைய வரவை நினைவூட்டுகின்றன. 1932இல் தொடங்கப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கம் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நிறுவியது. சற்றுத் தள்ளி, 1887இல் தோன்றி 1923இல் மாதுங்காவுக்கு இடம் மாறிய வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனமும், 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையாகப் பிறந்து இன்று தனிப் பல்கலைக்கழகமாக விளங்கும் வேதித் தொழில்நுட்ப நிறுவனமும் அமைந்துள்ளன.

மாதுங்கா எழுத்தர்களின் தலைமுறை கற்ற தட்டச்சு, இங்கே ஓர் ஒப்பீட்டுக்கு இடம் தருகிறது. தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தவருக்கு முதல் நாள் இயந்திரத்தின் வரலாறோ உறுப்புகளின் பெயர்ப் பட்டியலோ சொல்லப்படுவதில்லை. இடக்கை விரல்களை ஏ, எஸ், டி, எஃப் எழுத்துகளின் மேல் வைத்து ஒரே வரியைத் தாள் நிரம்ப அடிக்கச் சொல்வார்கள். விளக்கம் குறைவு, செயல் அதிகம், விளைவு உடனே கண்முன் தாளில். மென்பொருள் ஆவணத் துறை மிகப் பிற்காலத்தில் வந்தடைந்த ஒரு முடிவை அப்பயிலகங்கள் பழக்கத்தால் கடைப்பிடித்து வந்தன. ஜான் கேரல் என்பவரும் அவருடைய குழுவினரும் 1980களில் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில், சொற்செயலியைக் கையேட்டின் துணையோடு தாமே கற்க முயன்ற அலுவலகப் பணியாளர்களைக் கூர்ந்து கவனித்தனர். அவர்கள் கையேட்டை வரிசையாகப் படிக்கவில்லை. முன்னுரைகளைத் தாண்டி ஓடினர். பாதி படித்த நிலையிலேயே எதையாவது செய்து பார்த்தனர். தவறு நேர்ந்தபோது அதிலிருந்து மீளும் வழி கையேட்டில் இல்லாமல் திணறினர். அதன்பின் அக்குழு முன்னுரைகளையும் சுருக்கங்களையும் நீக்கி, உண்மையான அலுவலகப் பணிகளை மையமாக வைத்து, தவறிலிருந்து மீளும் குறிப்புகளைச் சேர்த்து ஒரு சிறு கையேட்டை உருவாக்கிச் சோதித்தபோது, கற்கும் நேரம் கணிசமாகக் குறைந்தது. குறுமைக் கோட்பாடு என்று சொல்லத்தக்க இவ்வணுகுமுறையை விளக்கும் கேரலின் நூல் 1990இல் வெளிவந்தது.

மாதுங்காவின் பொறியியல் மாணவர் மென்பொருளை அணுகும் விதம் அந்த அலுவலகப் பணியாளரின் விதத்திலிருந்து ஓரளவு வேறுபட்டது. செய்முறை ஏடு, பருவத் தேர்வு, ஒப்படைக்க வேண்டிய திட்டப்பணி ஆகியவையே அவரை மென்பொருளிடம் கொண்டுவந்து சேர்க்கின்றன. எனவே அவர் ஒரே நேரத்தில் கற்கவும் விரும்புகிறார், வேலையை முடிக்கவும் விரும்புகிறார். இவ்விரு தேவைகளையும் ஒரே ஆவணத்தில் அடைத்தால் இரண்டும் கெடும் என்பதை விளக்கி, தானியேலே ப்ரோசிதா என்பவர் வகுத்த நால்வகைப் பாகுபாடு இன்று பல திறந்த மூலத் திட்டங்களால் பின்பற்றப்படுகிறது. புதியவரைக் கைப்பிடித்து ஒரு சிறு வெற்றிக்கு அழைத்துச் செல்வது பயிற்சிப் பாடம். ஓரளவு தெரிந்தவருக்குக் குறிப்பிட்ட பணியை முடிக்க உதவுவது செய்முறைக் குறிப்பு. ஒவ்வொரு கட்டளையையும் அதன் தெரிவுகளையும் பிழையின்றி அடுக்கித் தருவது மேற்கோள் ஏடு. ஏன் இப்படி அமைக்கப்பட்டது என்று பின்னணியைச் சொல்வது விளக்கவுரை. தொடக்கப் பாடத்தைத் திட்டமிடுவோர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை, முதலாவதை எழுத உட்கார்ந்து மற்ற மூன்றையும் அதற்குள் கொட்டிவிடுவதால் நேர்பவை. கட்டளையின் பத்துத் தெரிவுகளையும் முதல் பாடத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்ற நேர்மையுணர்வு, எழுதுபவரின் மனத்துக்கு நிறைவு தருமேயன்றிப் படிப்பவரின் கைக்கு உதவாது.

மாதுங்காவிலிருந்து வடக்கே ஒரு நிறுத்தம் சென்று சயான் நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தால் தாராவி தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிலைச் சார்ந்து திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் இன்னும் இங்கே வாழ்கின்றனர். தொண்ணூறடிச் சாலையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தென்படுகின்றன. பொங்கல் நாளில் அடுப்புகள் தெருவுக்கே வந்துவிடுகின்றன. இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் பரப்பில் மண்பாண்டம், தோற்பை, ஆடை, பழம்பொருள் மறுசுழற்சி எனப் பல தொழில்கள் நெருக்கியடித்து நடைபெறுகின்றன. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்திவருவதால், தாராவியின் ஒரே சந்தில் வசிக்கும் பிள்ளைகள் வெவ்வேறு மொழிவழிக் கல்வி பெறுவது இயல்பான காட்சி.

இங்கேதான் 2010களின் நடுப்பகுதியில் ஒரு குறிப்பிடத்தக்க முயற்சி உலகின் கவனத்தைப் பெற்றது. தாராவியைப் பற்றி ஆவணப்படம் எடுத்த நவ்நீத் ரஞ்சன் தொடங்கிய ‘தாராவி டைரி’ என்னும் கல்வித் திட்டத்தில், அப்பகுதிச் சிறுமியர் ‘ஆப் இன்வென்டர்’ என்ற மென்பொருளைக் கொண்டு, பெண்களின் பாதுகாப்புக்கும் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் முறை ஒழுங்குக்கும் கைப்பேசிச் செயலிகளை வடிவமைத்தனர். 2010இல் கூகுள் நிறுவனத்தில் உருவாகி, பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு மாறிய ஆப் இன்வென்டர், நிரலைத் தட்டச்சு செய்யும் தேவையின்றி, வண்ணக் கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தி நிரல் அமைக்க உதவும் திறந்த மூல மென்பொருளாகும்.

அதன் பழைய முதற்பாடம் நெருங்கிப் பார்க்கத் தகுந்தது. திரையில் ஒரு பூனையின் படம்; அதைத் தொட்டால் பூனை கத்தும்; பாடம் அவ்வளவே. ஆயினும் அதற்குள், படமும் தொடுகையும் ஏற்கும் பொத்தான் என்ற உறுப்பு, ஒலி எழுப்பும் உறுப்பு, தொடும்போது இன்னது நிகழ வேண்டும் என்னும் நிகழ்வுக் கட்டம், அந்நிகழ்வுக்குள் பொருந்தும் செயல் கட்டம் என நிரலாக்கத்தின் நான்கு அடிப்படைகள் ஒவ்வொன்றாக, பெயர் சூட்டி விளக்கும் சுமையின்றி இடம்பெற்றுவிடுகின்றன. மாறிகள், நிபந்தனைகள், பட்டியல்கள் ஆகியவை அங்கே இல்லை. அவை தேவையற்றவை என்பதால் விடப்படவில்லை. பூனை கத்துவதற்கு அவை தேவையில்லை என்பதால் விடப்பட்டன. விளைவு ஒன்றை முதலில் முடிவு செய்து, அவ்விளைவுக்கு இன்றியமையாதவற்றை மட்டும் பின்னோக்கி எண்ணிச் சேர்ப்பதே தொடக்கப் பாடத்தைத் திட்டமிடும் முறையின் கரு என்பதை இச்சிறு பாடம் காட்டிவிடுகிறது.

அதே பாடம் தாராவியில் வேறொரு உண்மையையும் வெளிக்கொணரும். பூனை கத்துவதற்கு முன் சில ஏற்பாடுகள் முடிந்திருக்க வேண்டும்: உலாவியோடு ஒரு கணினி, இணைய இணைப்பு, துணைச் செயலி நிறுவிய கைப்பேசி, கணினியும் கைப்பேசியும் பொதுவாக ஒரே வைஃபை வலையில் இருத்தல். கைப்பேசி இல்லையெனில் கணினியிலேயே போலிக் கைப்பேசி ஒன்றை இயக்கும் மாற்றுவழி உண்டு. அதற்குத் தனி நிறுவல் வேண்டும். நல்ல வருமானமுள்ள வீட்டில் இவை அனைத்தும் கண்ணுக்குத் தெரியாத பின்னணி. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழும் வீட்டில், தந்தையின் கைப்பேசி இரவில் மட்டுமே கிடைக்கும் சூழலில், இவை ஒவ்வொன்றும் தனித்தனித் தடை. முன்தேவைகள் எனப்படும் இப்பட்டியலைப் பாடம் எழுதுவோர் இரண்டு வரியில் முடித்துவிட்டுத் தமக்கு விருப்பமான பகுதிக்குச் செல்வது வழக்கம். ஆனால் நிறுவும் படியிலேயே நின்றுவிட்டவர் பாடத்தின் இரண்டாம் பகுதியைப் பார்ப்பதே இல்லை; அவர் நின்ற செய்தி எழுதியவருக்கு எட்டுவதும் இல்லை. ஆகவே திட்டத்தின் தாளில் முதலில் எழுதப்பட வேண்டியது பாடத்தின் பொருளடக்கம் அன்று. படிப்பவரின் முன் என்ன கருவி இருக்கிறது, அது யாருடையது, எவ்வளவு நேரம் கிடைக்கிறது, இணையம் உண்டா என்ற விவரமே.

தாராவியிலிருந்து திரும்பிச் சயானில் ரயிலேறிக் குர்லாவில் துறைமுகப் பாதைக்கு மாறினால், திலக் நகருக்கு அடுத்து செம்பூர் வந்துவிடும். 1947இன் பிரிவினைக்குப் பின் சிந்து மாகாண அகதிகளுக்கு முகாம் அமைக்கப்பட்ட இவ்வூரில் தமிழரும் பெருந்தொகையினர். சேடா நகர்க் குன்றின்மேல் முருகன் கோயிலும், கர்நாடக இசைக்கும் நாட்டியத்துக்கும் இடம் தரும் நுண்கலைச் சங்கமும் அவர்களுடைய பொதுவாழ்வின் இரு தூண்கள். செம்பூருக்கு அடுத்த கோவண்டியையும் தாண்டி மான்குர்த் நிலையத்தில் இறங்கினால், வி. என். புரவ் சாலையில், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ஓர் அங்கமாக 1974இல் தோன்றிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் உள்ளது. செம்பூரை ஒட்டிய தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இயங்குகிறது. தொடக்கப் பாடம் பற்றிய கேள்விக்கு இவ்விரு நிறுவனங்களின் பங்களிப்பு மாதுங்கா, தாராவி ஆகியவற்றில் கண்டவற்றை அடுத்த படிக்குக் கொண்டு செல்கிறது.

ஹோமி பாபா மையத்தின் தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று கணினியோடு தொடர்பற்றது என்றாலும் ஆவணம் எழுதுவோர் அறிய வேண்டியது. வி. ஜி. குல்கர்ணியும் அவருடன் பணியாற்றியவர்களும், மராத்தி வழியில் பயிலும் முதல் தலைமுறை மாணவர்கள் அறிவியலில் பின்தங்குவதற்குக் காரணம் அறிவியலின் கடினமா, பாடநூலின் நடையா என்று ஆராய்ந்தனர். பாடப்பொருளைக் குறைக்காமல், நீண்ட வாக்கியங்களையும் வீட்டில் வழங்காத ஏட்டுச் சொற்களையும் மட்டும் எளிமையாக்கித் தந்தபோது, மாணவர்களின் புரிதல் உயர்ந்ததைக் கண்டு 1981இல் அம்முடிவை வெளியிட்டனர். பொருளின் கடுமையும் நடையின் கடுமையும் வேறு வேறு என்பதும், இரண்டாவதைக் குறைப்பது பொருளை நீர்த்துப்போகச் செய்வதாகாது என்பதும் அவ்வாய்வின் பாடம். மென்பொருள் கையேடுகளில் படிப்பவர் இடறும் இடங்களில் ஒரு பகுதி மென்பொருளால் நேர்பவை, மற்றொரு பகுதி வாக்கியத்தால் நேர்பவை. இரண்டையும் பிரித்தறிய, படிப்பவரைப் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதே மையத்தில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னணியாளரான நாகார்ஜுனா வழிநடத்திய ஆய்வகம் உருவாக்கிய கற்றல் தளம், பின்னர் ‘கிளிக்ஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் திட்டத்துக்கு அடித்தளமானது. டாட்டா அறக்கட்டளைகளின் நிதியோடு, டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து ராஜஸ்தான், சத்தீஸ்கர், மிசோரம், தெலங்கானா மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் நடத்திய இத்திட்டத்துக்கு யுனெஸ்கோவின் மன்னர் ஹமத் பின் இசா அல்-கலீஃபா பரிசின் 2017ஆம் ஆண்டுக்கான விருது கிடைத்தது. இணைய இணைப்பை நம்ப முடியாத பள்ளிகளுக்கென, பாடங்கள் அனைத்தும் பள்ளிக்குள்ளேயே இருக்கும் ஒரு வழங்கிக் கணினியில் வைக்கப்பட்டன. மற்ற கணினிகள் அதிலிருந்தே பாடங்களைப் பெற்றன. ஒரு கணினியின் முன் இரண்டு மூன்று மாணவர்கள் அமர்வர் என்பதை எதிர்பார்த்து, ஒருவர் உள்நுழைந்தபின் உடனிருக்கும் தோழர்களின் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளும் வசதி அமைக்கப்பட்டது. பற்றாக்குறையாகக் கருதப்படும் நிலை இங்கே கற்பித்தலின் முறையாகவே மாற்றப்பட்டது: ஒருவர் சுட்டியைப் பிடிக்க மற்றவர் வாசிக்க, அவர்களுக்குள் எழும் பேச்சே விளக்கமாகிவிடுகிறது.

துறைமுகப் பாதையில் மீண்டும் குர்லா வந்து மத்தியப் பாதையில் காஞ்சூர்மார்க் சென்று, அங்கிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ ஏறினால், 1958இல் தொடங்கப்பட்ட மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் பவாய் ஏரியின் ஓரத்தில் விரிகிறது. தொடக்கநிலைப் பாடங்களைத் திட்டமிடுவதில் இந்தியாவில் மேற்கொள்ளப்பட்ட மிக விரிவான முயற்சிகளில் ஒன்றான ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் இங்கேதான் வளர்ந்தது. வேதிப் பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய இத்திட்டத்துக்கு, தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தின் வழியாகக் கல்வி வழங்கும் நோக்கில் 2009இல் இந்திய அரசு தொடங்கிய தேசியக் கல்வி இயக்கம் நிதி அளித்தது. லினக்ஸ், லிப்ரே ஆபிஸ், பைதான், லேடெக், சைலேப் போன்ற திறந்த மூல மென்பொருள்களை, ஏறத்தாழ பத்து நிமிட அளவுள்ள திரைப்பதிவுக் காணொளிகளாகப் பிரித்து, அவற்றின் குரலை மட்டும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மாற்றிப் பதிந்து, கல்லூரிகள்தோறும் கொண்டு செல்வதே இதன் செயல்முறை.

இத்திட்டத்தின் எல்லா விதிகளும் ஒரே அனுமானத்திலிருந்து பிறக்கின்றன: பாடம் ஓடும் அறையில் அம்மென்பொருள் தெரிந்த ஆசிரியர் எவரும் இல்லை. கல்லூரிகளில் நடக்கும் பயிலரங்குகளில் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். காதொலிக் கருவிகளையும் கோப்புகளையும் அவர் ஏற்பாடு செய்வார். ஆனால் அவர் அம்மென்பொருளில் வல்லவராக இருக்க வேண்டியதில்லை. இந்தியாவின் கல்லூரி எண்ணிக்கையையும் வல்லுநர் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால், இவ்வனுமானம் வேறு வழியற்ற ஒன்று என்பது விளங்கும். மாணவர் தம் திரையின் ஒரு பக்கத்தில் காணொளியைச் சிறிதாகவும், மற்றப் பெரும்பகுதியில் மென்பொருளையும் திறந்து வைத்து, காணொளியில் ஒரு படியைப் பார்த்து நிறுத்தி, அதையே தாமும் செய்து, பின் அடுத்த படிக்குச் செல்கிறார். அருகருகே வைத்துக் கற்கும் இம்முறையால், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கற்றுவிட்டதாக நினைக்கும் மயக்கம் பெருமளவு தவிர்க்கப்படுகிறது.

பதிவுக்கு முன் எழுதப்படும் எழுத்துப்படி, திட்டமிடுதலின் உண்மையான களம். அது இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணை. இடப்பத்தியில் திரையில் தெரிய வேண்டியது, வலப்பத்தியில் குரல் சொல்ல வேண்டியது. எடுத்துக்காட்டாக, லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் கோப்பைச் சேமிப்பதைக் காட்டும் ஒரு வரியின் இடப்பத்தியில் ‘ஃபைல் மெனுவைச் சொடுக்கி, சேவ் ஆஸ் என்பதைத் தெரிவு செய்க’ என்று குறிக்கப்பட்டால், வலப்பத்தியில் அவ்வளவே நீளமுள்ள ஒரு பேச்சு வாக்கியம் அமைய வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் நீண்டாலும் திரையில் படம் அசையாமல் நிற்கும். இடப்பத்தி வெறுமையாக இருக்க வலப்பத்தி மட்டும் நீண்டுகொண்டே போகும் இடம், எழுதியவர் பாடத்திலிருந்து சொற்பொழிவுக்கு நழுவிய இடம். வலப்பத்தி வெறுமையாக இருக்க இடப்பத்தியில் செயல்கள் குவியும் இடம், தமக்குப் பழகிவிட்டதால் விளக்கத்தை மறந்த இடம். எழுதியவரின் கண்ணுக்கே இரண்டு வகைப் பிழையையும் காட்டிக்கொடுப்பதால், இவ்வட்டவணை காணொளி எடுக்காத எழுத்து ஆவணங்களுக்கும் பயன்படத்தக்க கருவி.

ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் மூன்று செய்திகள் கட்டாயம் இடம்பெறுகின்றன: இப்பாடத்தின் முடிவில் என்ன செய்யத் தெரிந்திருக்கும், எந்த இயக்குதளத்தின் எந்தப் பதிப்பில் பதிவு செய்யப்பட்டது, இதற்குமுன் எதைக் கற்றிருக்க வேண்டும். முடிவில் சுருக்கமும் பயிற்சியும் வருகின்றன. எழுத்துப்படி ஆயத்தமானதும் துறை வல்லுநர் பொருளைச் சரிபார்ப்பது எங்கும் உள்ள வழக்கம். அம்மென்பொருளை அறியாத புதியவர் ஒருவர் எழுத்துப்படியை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் செய்து பார்ப்பதே இத்திட்டத்தின் தனித்தன்மை. வல்லுநர் கண்டறிவது பொய்யான கூற்றுகளை; புதியவர் கண்டறிவது சொல்லப்படாத கூற்றுகளை. பின்னதை வல்லுநரால் கண்டறிய இயலாது, ஏனெனில் விடுபட்ட படியை அவருடைய கை தானாகவே செய்து முடித்துவிடுகிறது.

குரல்மாற்றப் பணி இன்னொரு நுட்பத்தையும் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. படம் மாறாமல் குரல் மட்டும் மாறுவதால், திரையில் தெரியும் ஆங்கிலப் பெயர்கள் அப்படியே நிற்கின்றன. வேலைக்குச் செல்லும் மாணவர் அப்பெயர்களையே எதிர்கொள்வார் என்பதால் இதைத் திட்டத்தினர் நன்மையாகவே கருதினர். ஆனால் வினைச்சொல் வாக்கியத்தின் முடிவில் வரும் தமிழில், குரல் அச்சொல்லை எட்டுமுன் திரையில் சுட்டி நகர்ந்துவிடும் ஆபத்து உண்டு. நேரக் குறிப்புகளோடு கூடிய எழுத்துப்படியை மொழிபெயர்ப்போருக்குத் தருவதும், மூலப் பதிவிலேயே படிகளுக்கு இடையே மூச்சுவிட இடம் வைப்பதும் இதற்குத் தீர்வாகின்றன. பல மொழிகளுக்குச் செல்லப்போகும் பாடம் முதல் வரியிலிருந்தே அதற்காகத் திட்டமிடப்பட வேண்டும் என்பது இதன் பொருள்.

இதே வளாகத்தில் இயங்கும் ‘ஃபாசி’ என்னும் மற்றொரு திட்டம், கற்பவரையே ஆவணம் எழுதுபவராக மாற்றிய விதமும் இங்கே சொல்லத்தக்கது. பிரான்சில் உருவான சைலேப் என்னும் எண்கணக்கீட்டு மென்பொருளுக்கு இந்தியப் பொறியியல் மாணவர்களிடையே வழிகாட்டி நூல்கள் குறைவாக இருந்த நிலையில், மாணவர்கள் தம் பாடத்திட்டத்திலுள்ள புகழ்பெற்ற நூல் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதில் தீர்த்துக் காட்டப்பட்ட கணக்குகள் அனைத்தையும் சைலேப் நிரலாக எழுதித் தர, சரிபார்ப்புக்குப் பின் அவை நூல்துணைகளாக வெளியிடப்பட்டன. எழுதியவர்களுக்கு மதிப்பூதியமும் கிடைத்தது. இவ்வாறு நூற்றுக்கணக்கான நூல்களுக்குத் துணைகள் உருவாயின. விடை நூலிலேயே இருப்பதால் நிரல் சரியா என்பதை மாணவரே சோதித்துக்கொள்ளலாம். கணக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருப்பதால் புதிதாகக் கற்க வேண்டியது மென்பொருள் மட்டுமே. தெரிந்த பொருளின் மேல் தெரியாத கருவியை ஏற்றுவது, ஒரே நேரத்தில் இரண்டு புதுமைகளைச் சுமக்க வைக்காதது ஆகிய கற்பித்தல் நெறிகள் இவ்வேற்பாட்டில் இயல்பாகவே அமைந்துவிட்டன.

காணொளிப் பாடத் திட்டத்துக்கும் ஒரு நலிவு உண்டு. அது காலம் சார்ந்தது. தட்டச்சு இயந்திரத்தின் எழுத்து வரிசை தலைமுறைகளாக மாறவில்லை. லிப்ரே ஆபிஸோ ஆண்டுக்கு இருமுறை புதிய பெரும்பதிப்பை வெளியிடுகிறது. ஒரு பொத்தான் இடம் மாறினால் எழுத்து ஆவணத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். காணொளியில் மீண்டும் பதிவு செய்ய வேண்டும், அதன் ஒவ்வொரு மொழிக் குரலையும் மீண்டும் சேர்க்க வேண்டும். பாடத்தின் முகப்பில் பதிப்பெண்ணைச் சொல்லும் விதி இத்தொல்லையை நீக்காவிட்டாலும், படிப்பவர் தம் திரைக்கும் பாடத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தம் பிழையெனக் கருதிச் சோர்ந்துபோகாமல் காக்கிறது. மாறக்கூடிய முகப்புத் தோற்றத்தைவிட மாறாத கருத்துகளுக்கு முதற்பாடங்களில் இடம் அளிப்பதும், எழுத்துப்படியைத் திருத்தத்தக்க வடிவில் பொதுவில் வைப்பதும், பாடத்தை எழுதும் நாளிலேயே அதை மறுபார்வை செய்யும் பொறுப்பாளரையும் குறிப்பதும் நலிவைக் குறைக்கும் வழிகள். திட்டத்தில் பராமரிப்புக்கு இடமில்லாத பாடம், வெளியான ஓரிரு ஆண்டுகளில் உதவியாக இருப்பதை விட்டுவிட்டு இடையூறாகிவிடுகிறது.

தமிழில் கட்டற்ற மென்பொருள் குறித்து 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ மின்னிதழும், அதன் சார்பில் லினக்ஸ், மைஎஸ்கியூஎல் போன்றவற்றுக்கு எளிய தமிழில் எழுதப்பட்ட மின்னூல்களும், எழுதத் தக்கவர்களும் எழுதும் மொழியும் இருப்பதை நிறுவிவிட்டன. அடுத்த தேவை, எழுதப்பட்டவற்றைப் புதியவர்களிடம் முறையாகச் சோதிப்பது. மாதுங்கா முதல் பவாய் வரையிலான வழித்தடத்தில் கிடைக்கும் படிப்பினைகளில் செலவு குறைந்ததும் மிகக் குறைவாகக் கடைப்பிடிக்கப்படுவதும் அதுவே. சோதிக்கும் புதியவர், ஒரு பாடத்தை முடித்த கணத்திலேயே புதியவராக இருப்பதை இழந்துவிடுகிறார். இரண்டாம் முறை அவர் அதே பாடத்துக்குச் சாட்சியாக முடியாது. எனவே ஒரு திறந்த மூலத் திட்டத்தில் புதிதாகச் சேர்பவரின் முதல் பங்களிப்பாக நிரல் திருத்தத்தைக் கேட்பதைவிட, நிறுவும் படியில் தொடங்கி முதல் விளைவு வரை அவர் நின்ற இடங்களையும், அங்கே அவர் எதிர்பார்த்ததையும், திரை காட்டியதையும் அன்றைக்கே எழுதித் தரக் கேட்பது பயனுடையது. திட்டத்தில் நெடுநாள் உழைத்த எவராலும் எழுதித் தர முடியாத ஆவணம் அது ஒன்றுதான். அடுத்த பாடத்தின் வரைவு அதிலிருந்தே தொடங்க வேண்டும்.